காந்தம் ஒட்டிய விளிம்பு

குற்றாலம்
16 ஜூன், திங்கள்

அன்புள்ள பேச்சிராஜுக்கு,

ஒரு எவர்சில்வர் கேனை எத்தனை நாள் வைத்துப் பார்த்தால் அது இனிமேல் வெடிக்காது என்று சொல்லலாம்? ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டறை ஆட்கள் எல்லோர் முன்னாலும் நீ என்னிடம் கேட்டாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. தகடு எங்கே கிழியும் என்று முன்கூட்டிச் சொல்வதையே பாடமாக நடத்திக்கொண்டிருக்கும் ஒருத்தி இப்படி எழுதுவது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். என்றாலும் தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத வேண்டும்.

என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய். "என் வீட்டுப் படி ஏறாத" என்றும் சொல்லிவிட்டாய். ஏறவில்லை. கோயம்புத்தூருக்கும் திரும்பவில்லை. கல்லூரியில் விடுப்பு சொல்லிவிட்டு ஐந்தருவி சாலையில் ஒரு லாட்ஜில் இருக்கிறேன். உன் பட்டறையில் கணக்கு பார்க்கும் பெர்சிஸ் காசிமேஜர்புரத்திலிருந்துதானே வருகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "அக்காவும் தம்பியும் பக்கத்துல பக்கத்துல இருந்துகிட்டு கடுதாசி எழுதுதியளாக்கும்?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அருவிக்கரையில் காப்பி விற்கும் சந்தனமாரியின் மேல் சுக்குக் காப்பியைக் கொட்டிய அந்தக் கேனை நான் பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் அதை ஆஸ்பத்திரி வாசலில் வைத்திருந்தார். விளிம்பிலிருந்து கீழே நேராக ஒரு பிளவு, கத்தியால் கீறினது போல. நசுங்கல் எங்கும் இல்லை.

இது தகட்டை அழுத்தும்போது பிரஸ்ஸில் நடக்கும் கிழிசல் இல்லை. தட்டையான தகட்டை இவ்வளவு ஆழமாக ஒரே இழுப்பில் கேனாக்கும்போது விளிம்புப் பக்கம் சுற்றிலும் நெருக்கப்பட்டுத்தான் உள்ளே வருகிறது. வெளியே எடுத்த பிறகும் அந்த முறுக்கு முழுவதும் போவதில்லை. விளிம்பு தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நிற்கும். நல்ல ரகத் தகடு அதைத் தாங்கிக்கொள்ளும். நிக்கல் குறைந்த ரகம் இழுபட்ட இடத்தில் உள்ளுக்குள் வேறு மாதிரி மாறி இறுகிவிடும். அங்கே காந்தம் ஒட்டும். பிறகு ஒரு மணி நேரத்திலோ, ஒரு வாரத்திலோ, சில மாதங்கள் கழித்தோ பிளக்கும். எங்கும் கிழியாது என்று கம்ப்யூட்டரில் நான் எடுத்துக் கொடுத்த பச்சைப் படம் பிரஸ்ஸுக்குள் நடப்பதை மட்டும் சொல்லும். மறுநாள் நடப்பதைச் சொல்லாது.

அந்தப் படமும் நீ முதலில் காட்டிய தகட்டுக்குப் போட்ட கணக்குதான். பிளந்த கேன் அந்தத் தகடு இல்லை. இதை நீ யோசிக்க வேண்டும்.

இன்னொன்று பெர்சிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். செய்த சரக்கு பட்டறையில் ராத்தங்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறாயாமே. சாயங்காலம் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு அன்றைக்கே வேனில் ஏற்றிவிடுகிறீர்கள். அதனால் மறுநாள் பிளக்கும் கேனை உன் பட்டறையில் ஒருவரும் பார்த்ததே இல்லை.

பிரஸ்ஸை நிறுத்து. விற்ற கேன்களைத் திரும்ப வாங்கு. சீசன் தொடங்கிவிட்டது. அவை எல்லாவற்றிலும் தினமும் கொதிக்கக் கொதிக்கக் காப்பி ஊற்றுகிறார்கள்.

வேல்விழி


தென்காசி
17 ஜூன், செவ்வாய்

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்றுதான் மேசையில் போட்டேன். செண்பகவல்லி எடுத்துப் படித்துவிட்டு "மதினி பாவம்" என்றாள். யாருக்கு யார் பாவம் என்று தெரிந்துகொள்ளத்தான் நானும் படித்தேன். என் வீட்டுக்காரி என் பக்கம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

காந்தம் என்று நீயே எழுதிவிட்டாய். சரி. பொங்கல் கழிந்து உனக்கு நான் போன் போட்டேனே, நினைவு இருக்கிறதா? தென்காசியில் பாத்திரக் கடைக்காரன் ஒவ்வொருத்தனும் கல்லாப்பெட்டியில் ஒரு காந்தம் வைத்திருக்கிறான். கேன் விளிம்பில் வைத்தால் பட்டென்று ஒட்டுகிறது. "என்ன அண்ணாச்சி, இரும்பக் குடுத்துட்டு சில்வருங்கிய?" என்று கேட்கிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. உன்னைக் கூப்பிட்டு, "அக்கா, புதுத் தகடு வந்திருக்கு, விளிம்புல காந்தம் ஒட்டுது, பரவால்லயா?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "இழுத்த எடத்துல ஒட்டத்தாம்லே செய்யும், அது குறையில்ல. மீட்டிங்ல இருக்கேன், வைக்கட்டா?"

வைத்துவிட்டாய்.

அந்தப் பச்சைப் படம் போட்ட உன் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறேன் இல்லையா, அதற்குக் கீழே நீ சொன்னதை ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். "விளிம்பில் காந்தம் ஒட்டுவது குறையல்ல. டாக்டர் வேல்விழி." வந்தவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டினேன், பெருமையாக.

தகட்டை ஏன் மாற்றினாய் என்பாய். பழைய ரகம் கிடைக்கவில்லை, கிடைத்ததை வாங்கினேன். விலையும் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மறைக்கவில்லை. புதுத் தகடு என்று சொல்லித்தான் கேட்டேன். நீ காதில் வாங்கினாயா இல்லையா என்பது உனக்குத்தான் தெரியும்.

இப்போது நீ எழுதியிருக்கிற மாதிரி எல்லாவற்றையும் திரும்ப வாங்கு என்று சொல்வது லேசு. ஐந்தருவியில், மெயின் அருவியில், புளியறை செக்போஸ்ட்டில் லாரிக்காரர்களுக்குக் காப்பி விற்கிறவர்களிடம் என்று கேன் போய்விட்டது. அவர்களுக்கு வருசம் என்பதே இந்தச் சாரல்தான். சாரல் நேரத்தில் கேனைக் கேட்டால் தருவார்களா?

சுடலைமுத்து, அதுதான் சந்தனமாரியின் வீட்டுக்காரர், சனிக்கிழமை பட்டறைக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவர் வந்து நின்று, "அண்ணாச்சி, வேற கேன் ஒண்ணு தாங்க, சீசன் போவுது. அவ எங்கனயோ கல்லுல இடிச்சிருக்கா, கேட்டா சொல்ல மாட்டேங்கா" என்றார்.

எத்தனை நாள் என்று உன்னிடம் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. ரெண்டு நாள் போதும் என்று நானே முடிவு செய்து, வீட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த கேன்களில் ஒன்றைக் கொடுத்தேன். நல்லாத்தான் இருந்தது.

பேச்சிராஜ்


குற்றாலம்
18 ஜூன், புதன்

பேச்சிராஜுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் கிளம்பிவிட்டேன். லாட்ஜ் மேனேஜர் சாவி மாட்டி வைக்கும் காந்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஐந்தருவிக்கு நடந்தேன். நல்ல கூட்டம். சுடலைமுத்து ஒரு எண்ணெய் மசாஜ் பலகைக்குப் பக்கத்தில் மொபெட்டை நிறுத்தி, பின் சீட்டில் கேனைக் கட்டி வைத்திருந்தார். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் நேராக அவரிடம்தான் வருகிறார்கள். ஒரு சின்னப் பெண்குழந்தை கேன்மேல் இரண்டு கைகளையும் வைத்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தது.

நான் ஒரு டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு விளிம்பில் காந்தத்தை வைத்தேன். ஒட்டியது. அடியில் வைத்தேன், விழுந்துவிட்டது.

"என்ன டீச்சர், புள்ளைகளுக்கு வித்தை காட்டவா?"

"இந்தக் கேனை இனிமேல் பயன்படுத்தாதீங்க. இதுவும் பிளந்துவிடும்போல இருக்கு."

"யாரு சொன்னா?"

நான் என்று சொல்லியிருக்க வேண்டும். "படிச்சவங்க சொல்றாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "படிச்சவுக நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்ததத்தான் அண்ணாச்சி சுவத்துல மாட்டி வச்சிருக்காவ. பச்சக் கலர்ல போட்டிருக்கே, நானே பாத்தேன். எந்தப் படிச்சவுக சொல்லுதத நான் கேக்க? கேன்ல குத்தமில்ல டீச்சர். அவ கைதான் சரியில்ல. எங்கம்மையும் தெரு பூரா அதத்தான் சொல்லுதா. குடிங்க, ஆறுது."

ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். குழந்தையை மட்டும் அதன் அம்மாவிடம் அனுப்பினேன்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சந்தனமாரிக்கு வலது தொடையிலிருந்து பாதம் வரை கட்டு. யாரென்று கேட்டாள். பேச்சிராஜின் அக்கா, டீச்சர் என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். அவளாகவே பேசினாள். "நான் எங்கயும் இடிச்ச மாதிரி ஞாவகம் இல்ல டீச்சர். ஆனா இடிச்சிருப்பேன். எல்லாரும் சொல்லுதாவல்லா. நெனச்சு நெனச்சுப் பாக்கேன், எந்தக் கல்லுன்னுதான் தெரிய மாட்டேங்கு."

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றை உரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். காதில் வாங்கினேன். "புதுத் தகடு" என்று நீ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்ன தகடு என்று கேட்டிருந்தால் ஒரு துண்டை வரவழைத்திருக்க வேண்டும். அதை இழுத்துப் பார்த்து, மேலே சின்னச் சின்ன வட்டங்கள் அச்சடித்து, அழுத்தியபின் அவை எவ்வளவு நீள்கின்றன என்று அளந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டும். தம்பிக்குச் செய்கிற வேலைதானே, அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தேன். கடைக்காரர்கள் முன்னால் உனக்குக் கௌரவக் குறைச்சல் வரக் கூடாது, அதற்கு ஒரு வாக்கியம் வேண்டும் என்றுதான் நீ கேட்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். வாக்கியத்தைக் கொடுத்தேன். அது பொய்யும் இல்லை. நல்ல தகட்டிலும் கொஞ்சம் ஒட்டும். அதனால்தான் எனக்கு உறுத்தாமலே இருந்துவிட்டது.

திங்கட்கிழமை கடிதத்தில் தகட்டை மாற்றிவிட்டாய் என்று உன்மேல் போட்டு எழுதினேன். அதை எழுதும்போது இது எனக்கு நினைவிருந்தது.

அந்தக் கேனை அவரிடமிருந்து எப்படியாவது வாங்கிவிடு.

வேல்விழி


தென்காசி
19 ஜூன், வியாழன்

அக்காவுக்கு,

இன்றைக்குக் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு சாமி படத்துக்கு ஊதுவத்தி பொருத்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து டிங் என்று ஒரு சத்தம். ஸ்பூன் கீழே விழுந்தது போல. பெர்சிஸ் வரவில்லை, வேலைக்காரர்கள் வரவில்லை, பூனைகூட இல்லை. திரும்பிப் பார்த்தால் சுவரோரம் அடுக்கியிருந்த கேன்களில் மேலே இருந்தது, விளிம்பிலிருந்து பாதி உயரத்துக்குப் பிளந்து நிற்கிறது. வெறும் கேன். தண்ணீர்கூட இல்லை. யாரும் தொடவில்லை.

நீ பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னாய், ஆர்டரையும் நான் நிறுத்திவிட்டேன். அதனால்தான் சரக்கு முதல்முறையாகப் பட்டறையில் தங்கியது. தங்கியதால்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் இந்தச் சத்தம் யார் யார் வீட்டிலோ கேட்டிருக்கும்.

அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு சுடலைமுத்து வீட்டுக்குப் போனேன். கேனைக் கேட்டேன். "கேன்ல குத்தம்னா அன்னிக்கே சொல்லியிருப்பியல்லா அண்ணாச்சி? அவ இடிச்சிருக்கான்னு நான் சொன்னப்ப நீங்களும் தலைய ஆட்டுனிய" என்றார்.

ஆட்டினேன். அது உண்மை. இதை உனக்குப் போன கடிதத்தில் எழுதவில்லை. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. அவள் இடித்ததாகவே இருக்கட்டும் என்று தோன்றியது. "ஆமா, அருவிக்கரை பூரா பாறைதானே" என்றும் சொன்னேன். அந்தப் பேச்சைத்தான் அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார். இப்போது நானே போய் மாற்றிச் சொன்னால் எப்படி நம்புவார்?

மெயின் அருவிக்காரர்கள் இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர் "வெலையக் கூட்டப் போறியளா? அதான் திருப்பி வாங்குதியளா?" என்றார். மற்றவர் என் ஸ்டிக்கரை எனக்கே சொல்லிக் காட்டினார், ஒரு எழுத்து தப்பாமல்.

மாற்றிக் கொடுக்க, ஒரே இழுப்பில் செய்யாத, வெல்டு வைத்த பழைய மாதிரி கேன்களை விஜயசங்கர் பாத்திரக் கடையில் எடுத்து வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பதை விளிம்பில் ஒரு சாண் வெட்டிவிட்டால் சரியாகுமா என்று கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை. எல்லாவற்றையும் நசுக்கிப் போடப் போகிறேன்.

ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். ஆனால் ஜனங்கள் என் வாய்ச் சொல்லைக் கேட்க மாட்டார்கள். முதலில் நல்லது என்று எழுதிக் கொடுத்தவரே இப்போது இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் கேட்பார்கள். உன் பெயர் போட்டு ஒரு தாள் வேண்டும். சனிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு புளியறையில் தொடங்கி ஒவ்வொருத்தரிடமும் போகிறேன்.

உனக்கு வேலைக்கு ஆபத்து வருமென்றால் சொல்லிவிடு. வேறு வழி பார்க்கிறேன். என்ன வழி என்று தெரியவில்லை.

படி ஏறாதே என்று சொன்னது கோபத்தில். செண்பகவல்லி உன் பங்குக்கும் சேர்த்துச் சோறு வடிக்கிறாள். மிச்சத்தை நான்தான் தின்கிறேன்.

பேச்சிராஜ்


குற்றாலம்
20 ஜூன், வெள்ளி

அன்புள்ள பேச்சிராஜ்,

நீ கேட்ட தாளை ஜெராக்ஸ் எடுத்து பெர்சிஸிடம் மதியமே கொடுத்துவிட்டேன். "இனிமே எனக்கு போஸ்ட்மேன் சம்பளமும் சேத்துத் தரச் சொல்லுங்க" என்றாள். தாளைப் படித்த பிறகு அதைப் பைக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டாள்.

அது எப்படி எழுதப்பட்டது என்பதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். எழுதுவதற்கு முன்பு எங்கள் துறைத் தலைவர் தில்லைநாயகம் சாருக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட் என் பெயரில்தான் போனது, கல்லூரி முத்திரை இல்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியது முறை. "மேடம், எழுத்துல எதுவும் குடுக்காதீங்க. கொடுக்கிறதா இருந்தா மெட்டீரியல் மாறிடுச்சுன்னு ஒரு வரி போட்டுக்கோங்க, நீங்க சேஃப்" என்றார். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொன்னார். முதல் தாளை அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். "ஆய்வு செய்யப்பட்ட தகடும் உற்பத்தியில் பயன்படுத்தப்பட்ட தகடும் வெவ்வேறானவை." படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் சரி. சுடலைமுத்து அதைப் படித்தால் நீ ஏமாற்றிவிட்டாய் என்று நினைப்பார். சந்தனமாரிக்கோ அதில் ஒன்றுமே இல்லை. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதாக எழுதியது உன் கையில் இருக்கிறது. உன் பெயர் அதில் இல்லை. "இந்தக் கேன்கள் பாதுகாப்பானவை என்று நான் எழுதிக் கொடுத்தது தவறு. விளிம்பில் காந்தம் ஒட்டுவது குறையல்ல என்று நான் சொன்னதும் இந்தக் கேன்களைப் பொறுத்தவரை தவறு. யாரும் இடிக்காமலே, யார் கையும் படாமலே இவை தாமாகப் பிளக்கும். சூடாக எதையும் ஊற்ற வேண்டாம். இதைக் கொண்டு வருபவரிடம் கொடுத்து வேறு கேன் வாங்கிக்கொள்ளுங்கள்." நடுவில் உள்ள வாக்கியத்தை எழுதத்தான் நேரம் பிடித்தது.

நாளைக் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வியாபாரத்துக்குக் கிளம்புமுன் சுடலைமுத்து அங்கே சாப்பாடு கொடுக்க வருகிறார். இருவரும் ஒன்றாக இருக்கும்போது சொல்லிவிடுகிறேன். நீ வர வேண்டாம். நீ புளியறைக்குப் போ, அங்கே இருப்பவர்களும் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன சொல்வார்கள் என்று எதையும் கணிக்க முடியவில்லை.

21 ஜூன், சனி

நேற்று மாலை பெர்சிஸ் இந்த வழியாக வரவில்லை, கடிதம் என்னிடமே இருந்துவிட்டது. கீழேயே எழுதுகிறேன்.

நான் போனபோது சுடலைமுத்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். உட்காராமல் சொன்னேன். அந்தக் கேன் நல்லது என்று எழுதிக் கொடுத்தது நான், அது தவறு, அது தானாகத்தான் பிளந்தது என்று. தாளையும் நீட்டினேன்.

"படிச்சவுகன்னு சொன்னியளே, அது நீங்கதானா?" என்று சுடலைமுத்து கேட்டார்.

"நான்தான்."

அவர் தாளை வாங்கவில்லை. சந்தனமாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் இடிக்கலியா டீச்சர்?" என்றாள்.

"இடிச்சிருந்தா நசுங்கியிருக்கும். அதில் நசுங்கலே இல்லை. இடிச்சிருந்தாலும் ஒழுங்கான கேன் அப்படிப் பிளக்காது."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "கேட்டியளா?" அவர் இட்லிப் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "கேட்டியளான்னு கேக்கேன்."

"கேட்டேன்ட்டி."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கு வந்து ஆரஞ்சு உரிச்சிக் குடுத்திய. எந்தக் கல்லுன்னு தெரியலன்னு ஒங்ககிட்டதான சொன்னேன். அன்னிக்கு ஏன் சொல்லல?" என்றாள். பயமாக இருந்தது என்றேன். "இங்கன சொன்னா எனக்கும் இவுகளுக்கும்தான் தெரியும். எங்க தெருவுல வந்து சொல்லுங்க. எங்க அத்தைகிட்ட சொல்லுங்க."

சுடலைமுத்து வெளியே போய் மொபெட்டிலிருந்து கேனை அவிழ்த்து என் பக்கத்தில் வைத்தார். இன்றைக்கு எதில் விற்பது என்று கேட்டார். விஜயசங்கர் கடையில் நீ எடுத்து வைத்திருப்பதைச் சொன்னேன். போய் வாங்கிக்கொண்டார். அவர் கொடுத்த கேனின் விளிம்பைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். கீறல் எதுவும் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அவர்கள் தெரு இருக்கும் மேலகரத்துக்குப் போனேன். சந்தனமாரியின் மாமியார் குழல்வாய்மொழி அம்மாள் முறத்தில் சுக்கைப் பரப்பிக்கொண்டிருந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டார்.

"நீ வாத்திச்சியா?"

"ஆமாம்மா."

"ஒனக்கே தெரியலன்னா அவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். பிறகு முறத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "நானில்லா அவ மேல பழியப் போட்டுட்டு அலைஞ்சேன். வா, எங்கெங்க சொல்லி வச்சிருக்கேன்னு காட்டுதேன்."

வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வாசலிலும் "இவ சொல்லுதத கேளுங்க" என்று ஒதுங்கி நின்றுகொண்டார். சிலர் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். ஒருவர் கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு பெண் தன் வீட்டுக் குக்கரும் இப்படிப் பிளக்குமா என்று கேட்டார். பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். "அப்ப பாத்துச் சொல்லுங்க" என்று கொண்டுவந்து நீட்டினார். முதல் வீட்டில் தாளைப் பார்த்துத்தான் வாசித்தேன். போகப் போகப் பார்க்காமலே சொன்னேன். எளிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

தெருக்கோடியில் ஜைனப் வீடு. பூட்டியிருந்தது, கடையநல்லூரில் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்தில் சொன்னார்கள். நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றேன். "இவகிட்டதான் மொதமொதல்ல சொன்னேன். இருந்து சொல்லிட்டுப் போ" என்றார் அம்மாள். படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மலைப்பக்கமிருந்து சாரல் வந்தது, நனைந்தோம், நின்றது.

வெயில் சாய்ந்த பிறகு ஜைனப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருவரும் எழுந்து நின்றோம். "என்ன, ரெண்டு பேரா?" என்றார்.

"நீ சொல்லுதியா, நான் மொதல்ல சொல்லட்டா?" என்று அம்மாள் என்னிடம் கேட்டார்.

நான் சொன்னேன்.

வேல்விழி